கட்டி தெரிந்த பிறகு எத்தனை நாள்?

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு பற்றி மேடையேறும் ஒவ்வொருவரும் ஷாங்காய் நெசவாலைகளில் 1989இல் தொடங்கிய ஓர் ஆய்வைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 519 ஆலைகளில் வேலை பார்த்த 2,66,064 பெண்களை அதில் சேர்த்தார்கள். பாதி ஆலைகளில் இருந்தவர்களுக்கு, தங்கள் மார்பைத் தாங்களே தடவிக் கட்டி இருக்கிறதா என்று அறியும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். துண்டறிக்கை கொடுத்து அனுப்பிவிடவில்லை. சிலிக்கோனால் செய்த மாதிரி மார்பகங்களில் விரலைப் பழக்கினார்கள். ஓராண்டு கழித்தும் மூன்றாண்டு கழித்தும் பாடத்தைத் திரும்ப நடத்தினார்கள். ஐந்தாண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பணியாளர் முன்னால் செய்து காட்டச் சொன்னார்கள். மற்ற ஆலைப் பெண்களுக்கு இடுப்புவலி வராமல் காத்துக்கொள்வது பற்றிப் பாடம் நடந்தது.

பத்தாண்டுக் கண்காணிப்புக்குப் பிறகு 2002இல் முடிவு வெளியானது. பயிற்சி பெற்றவர்களில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 135 பேர். பெறாதவர்களில் 131 பேர். புற்றல்லாத சாதாரணக் கட்டிக்காகக் கத்தி பட்டவர்கள் மட்டும் பயிற்சி பெற்ற தரப்பில் கூடுதலாக இருந்தார்கள்.

இருபதாண்டுக்கு மேலாகிவிட்டது. இன்னமும் நம்மூர்க் கல்லூரி அரங்குகளிலும் மகளிர் குழுக் கூட்டங்களிலும் ‘மாதம் ஒருமுறை நாள் குறித்துத் தடவிப் பாருங்கள், உயிர் பிழைப்பீர்கள்’ என்பதே முதல் பாடமாக இருக்கிறது. அந்தப் பாடத்தை அப்படியே தூக்கி எறிந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாள் குறித்துச் சடங்குபோலச் செய்வதால் மரணம் குறையவில்லை என்பதைத்தான் அந்த ஆய்வு நிறுவியது. குளிக்கும்போதோ ரவிக்கை மாற்றும்போதோ கையில் தட்டுப்பட்ட கட்டியை ஒரு பெண் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று அது சொல்லவில்லை. இந்தியாவில் இந்த நோயை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் அந்தப் பெண்தான். ஆகவே கேள்வியை வேறு இடத்தில் வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. கட்டி தெரிந்த பிறகு என்ன நடக்கிறது? எத்தனை நாளில் நடக்கிறது? மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே, மரபணு, உணவு, உடற்பயிற்சி என்று இந்தத் துறையில் பேசப்படும் எல்லாவற்றையும் அந்தக் கேள்வியோடு சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

கணக்கைப் பார்த்துவிடலாம். 2022இல் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 6,70,000 பேர் இறந்தார்கள் என்கிறது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. இந்தியாவில் அதே ஆண்டில் புதிய நோயாளிகள் 1,92,020 பேர், இறப்பு 98,337. இரண்டு பேருக்கு நோய் கண்டால் ஒருவர் இறக்கிறார் என்ற விகிதம் இது. அமெரிக்காவில் இது ஏறக்குறைய ஆறுக்கு ஒன்று. அங்கே நோய் வருவோர் எண்ணிக்கை மிக அதிகம், ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். 2010 முதல் 2014 வரை நோய் கண்டவர்களில் ஐந்தாண்டு உயிரோடு இருந்தவர்கள் அமெரிக்காவில் 90 விழுக்காடு, இந்தியாவில் 66 விழுக்காடு. புற்று உடம்பில் ஒன்றுதான். அது கண்ணில் படும் நேரமும் அதற்குப் பிறகு கிடைக்கும் சிகிச்சையும்தான் வேறு.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் நீண்ட வரலாறு உண்டு. தங்கை புற்றுநோயால் 1923இல் இறந்ததைக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, முப்பதாண்டுக் கனவுக்குப் பிறகு 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த வளாகத்தை விட்டு அகலவில்லை. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை 1980களின் தொடக்கத்தில் தொடங்கி விடாமல் பேணியது அந்த நிறுவனம். பதிவேடு தொடங்கிய காலத்தில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். அது படிப்படியாகக் குறைந்தது. மார்பகப் புற்றுநோய் ஏறி முதலிடத்துக்கு வந்தது. 2012 முதல் 2016 வரையிலான கணக்கில், வயது வேறுபாட்டைச் சரிக்கட்டிய பிறகு, சென்னையில் ஆண்டுக்கு லட்சம் பெண்களில் 42 பேருக்கு இது வருகிறது. ஐதராபாத்துக்கு அடுத்தபடியாக நாட்டின் முன்வரிசையில் இருக்கும் எண் அது.

படம் எடுத்துத் தேடுவது

அறிகுறி எதுவும் தெரியாத நிலையிலேயே நோயைப் படம் எடுத்துக் கண்டுபிடிக்கலாம் என்ற எண்ணத்துக்கு முதல் சான்று நியூயார்க்கில் கிடைத்தது. மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றில் இருந்த சுமார் 62,000 பெண்களை 1963இல் இரண்டாகப் பிரித்து, ஒரு தரப்பை ஆண்டுதோறும் மேமோகிராமுக்கும் கைப் பரிசோதனைக்கும் அழைத்தார்கள். அதை நடத்தியவர்களில் ஒருவரான பிலிப் ஸ்ட்ராக்ஸ், முதல் மனைவியை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். அழைக்கப்பட்ட தரப்பில் இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. 1977இல் ஸ்வீடனின் இரண்டு மாவட்டங்களில் லாஸ்லோ டபார் தொடங்கிய ஆய்வு இன்னும் தெளிவான பயனைக் காட்டியது. பிரிட்டன் 1988இல் குறிப்பிட்ட வயதுப் பெண்கள் எல்லோரையும் அழைத்துப் படம் எடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அங்கே 50 முதல் 71 வயதுக்குள் மூன்றாண்டுக்கு ஒருமுறை அழைப்புக் கடிதம் வீடு தேடி வருகிறது.

எதிர்ச்சான்றும் உண்டு. கனடாவில் 1980 முதல் 1985 வரை 89,835 பெண்களைச் சேர்த்து நடந்த ஆய்வின் 25 ஆண்டுத் தொகுப்பு 2014இல் வெளியானது. பயிற்சி பெற்ற கை செய்யும் பரிசோதனைக்கு மேல் மேமோகிராம் கூடுதலாக எந்த உயிரையும் காக்கவில்லை என்றது அது. அந்த ஆய்வின் படங்கள் தரமாக இல்லை, பெண்களைப் பிரித்த முறையில் கோளாறு என்றெல்லாம் விவாதம் இன்னும் ஓயவில்லை. நடுவில் நின்று கணக்குப் பார்த்தது பிரிட்டனில் மைக்கேல் மார்மட் தலைமையில் 2012இல் வெளியான மறு ஆய்வு. 50 வயதாகும் 10,000 பெண்களை இருபதாண்டுக்கு அழைத்தால் 43 மரணங்கள் தடுக்கப்படும். 129 பேருக்கு, கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் வாழ்நாளில் தொந்தரவே கொடுத்திருக்காத புற்றைக் கண்டுபிடித்து அறுவையும் கதிர்வீச்சும் கொடுப்போம் என்றது.

இந்த இரண்டாவது எண்ணைப் பெண்களிடம் சொல்லாமல் மறைப்பது தவறு. பால்குழாய்க்குள்ளேயே அடங்கிக் கிடக்கும் ஆரம்பநிலைப் புற்றில் எது பரவும், எது அப்படியே கிடக்கும் என்று இன்றைக்கு உறுதியாகச் சொல்லும் கருவி இல்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் சிகிச்சை தரப்படுகிறது. ஓர் உயிரைக் காக்க மூன்று பேர் தேவையற்ற சிகிச்சையைத் தாங்க வேண்டும் என்று தெரிந்த பிறகும் பெரும்பாலான பெண்கள் மேமோகிராமைத் தேர்ந்தெடுக்கலாம். தெரிந்து தேர்ந்தெடுக்கட்டும்.

நமக்கு இன்னொரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. இந்தியாவில் இந்த நோய் காணும் பெண்ணின் சராசரி வயது ஐம்பதை ஒட்டியது. மேல்நாடுகளைவிடப் பத்தாண்டு முன்னதாக. நம் மக்கள்தொகையில் இளையவர்கள் அதிகம் என்பதே இதற்குப் பெரும்பங்கு காரணம். ஆனால் பரிசோதனைக்கு அதன் விளைவு பெரிது. மாதவிடாய் நிற்காத வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். மேமோகிராமில் அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. படம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த பிறகும் கட்டி உள்ளே ஒளிந்திருக்கலாம்; அதனால்தான் இளவயதுக்காரருக்கு அல்ட்ராசவுண்டு ஸ்கேனைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் தடுப்புமருத்துவப் பணிக்குழு 2009இல் 50 வயதுக்கு மேல் போதும் என்றது. 2024இல் 40இலிருந்தே இரண்டாண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம் என்று மாற்றிக்கொண்டது. அங்கே எந்திரம் உண்டு, படம் வாசிக்கும் கதிரியக்க மருத்துவர் உண்டு, சந்தேகம் வந்தால் ஊசி போட்டுச் சதை எடுக்க ஏற்பாடு உண்டு. ஸ்வீடனில் 80,033 பெண்களிடம் நடந்த ஆய்வில், செயற்கை நுண்ணறிவைத் துணைக்கு வைத்துக்கொண்டபோது படம் வாசிக்கும் வேலை 44 விழுக்காடு குறைந்தது என்று 2023இல் அறிவித்தார்கள். நம்மிடம் படம் வாசிப்பவர்கள் குறைவு என்பதால் இது பிற்காலத்தில் நமக்குப் பயன்படக்கூடும். ஆனால் எந்திரமே இல்லாத வட்டாரத்துக்கு அது இன்று பதிலாகாது.

ஊசியில்லை, வலியில்லை, கதிர் இல்லை என்று விளம்பரம் செய்து உடம்பின் வெப்பத்தைப் படமெடுக்கும் முறைகள் முகாம்களில் இப்போது பரவியிருக்கின்றன. வெப்பப் படம் மேமோகிராமுக்கு மாற்றாகாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் வெளிப்படையாக எச்சரித்தது. அதில் ‘பிரச்சினை இல்லை’ என்று வந்த காகிதத்தை நம்பி, கையில் தட்டுப்படும் கட்டியை ஒரு பெண் அலட்சியப்படுத்தினால் அந்த முகாம் நடக்காமலே இருந்திருக்கலாம்.

மும்பை தந்த பதில்

எந்திரம் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்தியாவே பதில் தேடியது என்பதை நாம் போதுமான அளவு பெருமையோடு சொல்வதில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் இந்திரனீல் மித்ராவும் குழுவினரும் 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். மும்பையின் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயதுக்குட்பட்ட 1,51,538 பெண்கள், இருபது தொகுதிகள். பத்துத் தொகுதிகளில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்று மார்பகப் பரிசோதனை செய்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல, செவிலியர்களும் அல்ல. பள்ளிப்படிப்பு முடித்து, இந்தப் பணிக்கென்றே பயிற்சி பெற்றவர்கள். மற்ற பத்துத் தொகுதிகளில் விழிப்புணர்வுப் பாடம் மட்டும்.

2021இல் முடிவு வந்தது. முற்றிய நிலையில், அதாவது மூன்றாவது, நான்காவது ஸ்டேஜில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பரிசோதனைத் தரப்பில் 37 விழுக்காடு, மற்றதில் 47. இறப்பு மொத்தத்தில் 15 விழுக்காடு குறைந்தது. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள் நின்றது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தனியாகப் பார்த்தபோது இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது, அது தற்செயலல்ல. 50 வயதுக்குக் கீழே இறப்பில் அப்படிப்பட்ட பயன் தெரியவில்லை. ஷாங்காயில் தோற்றது பெண் தானே தேடுவது. மும்பையில் 50 வயதைத் தாண்டியவர்களிடம் பலித்தது, பழகிய கை தேடுவது. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2006இல் 1,15,652 பெண்களோடு தொடங்கிய இன்னோர் ஆய்விலும், கைப் பரிசோதனை நடந்த பகுதிகளில் ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டவர்களின் பங்கு கணிசமாகக் கூடியது.

அந்தக் கை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். முதலில் உட்காரவைத்து, கைகளைத் தொங்கவிட்டும் மேலே தூக்கியும் இடுப்பில் அழுத்தி ஊன்றியும் கண்ணால் பார்க்க வேண்டும். தோலில் குழி விழுகிறதா, காம்பு புதிதாக உள்ளே இழுத்திருக்கிறதா, தோல் தடித்துப் புள்ளிபுள்ளியாக இருக்கிறதா, காம்பில் ரத்தம் கசிகிறதா? பிறகு படுக்கவைத்து, பார்க்கும் பக்கத்துக் கையைத் தலைக்கு மேல் வைக்கச் சொல்ல வேண்டும். நடு மூன்று விரல்களின் நுனி உதவாது. உட்பக்கச் சதைதான் உணரும். சிறு வட்டம் போட்டு, ஒவ்வோர் இடத்திலும் மூன்று அழுத்தம்: முதலில் தோலை ஒட்டி லேசாக, அடுத்தது நடுத்தரமாக, கடைசியில் விலா எலும்பு தட்டும்வரை ஆழமாக. காரை எலும்பிலிருந்து மார்பின் கீழ்மடிப்பு வரை மேலும் கீழுமாக, இடைவெளி விடாமல் போக வேண்டும். அக்குள் கட்டாயம். அவசர அவசரமாகச் செய்தால் இந்தப் பரிசோதனைக்கு மதிப்பே இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று இலக்கு வைத்து விரட்டப்படும் செவிலியரின் விரலில் சிறு கட்டி தட்டுப்படாது.

தேசியத் திட்டம் 2016இலிருந்தே 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. காகிதத்தில் இருந்தது களத்துக்கு வந்ததா? ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுப் பெண்களிடம், எப்போதாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டதுண்டா என்று கேட்டார்கள். இந்திய அளவில் 0.9 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். தமிழ்நாட்டில் 5.6. நாட்டு நிலவரத்தோடு ஒப்பிட்டால் ஆறு மடங்கு. ஆனாலும் நூறில் 94 பேர் மீது அந்த விரல்கள் ஒருமுறைகூடப் படவில்லை. அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகு 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், வீட்டுக்கே சென்று மருத்துவம் பார்க்கும் அரசுத் திட்டமான ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. 2023இல் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் 30 வயதைக் கடந்த பெண்களை வீடுவீடாக அழைத்து மார்பகத்தையும் கருப்பைவாயையும் பரிசோதிக்கும் திட்டம் வந்தது. சரியான திசை இதுதான். இலங்கையில் 1996 முதல் நடந்துவரும் நலமகளிர் கிளினிக்குகளும் இதே வழியில் கைப் பரிசோதனையை நம்பி அமைந்தவை.

“எத்தனை நாளா இருக்கு அக்கா?”

“தீபாவளிக்கு முன்னாலயே இருந்துச்சு நர்சம்மா. வலி ஒண்ணும் இல்ல. அதான் சும்மா விட்டுட்டேன்.”

கிராமத்தில் இந்தப் பேச்சைக் கேட்காத சுகாதார செவிலியர் இருக்க மாட்டார். வலி இல்லாததால் ஆபத்து இல்லை என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது: மார்பகப் புற்றுக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. மாதவிடாய்க்கு முன் இரண்டு பக்கமும் கனத்து வலிப்பது பெரும்பாலும் புற்றல்ல. எல்லா விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் ஒரே ஒரு செய்திதான் சொல்ல நேரம் இருக்கிறது என்றால், நான் சொல்லச் சொல்வது இதைத்தான்: வலிக்காத கட்டியைக் காட்டிவிடுங்கள். காட்டியவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருக்காது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். இளம்பெண்களிடம் தட்டுப்படும் உருளும் கட்டிகளில் மிகப் பல தீங்கில்லாத நார்க்கட்டிகள்.

பால் கொடுக்கும் தாய்மார் நிலை இன்னும் சிக்கல். எந்தக் கட்டி வந்தாலும் ‘பால் கட்டிக்கிச்சு’ என்று வீட்டில் முடிவு செய்து, ஒத்தடமும் முட்டைக்கோஸ் இலையும் வைத்து நாளைக் கடத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பால் கட்டியதுதான். ஆனால் பால் கொடுத்தும் இரண்டு வாரத்தில் கரையாத கட்டியையும், மருந்து சாப்பிட்டும் அடங்காத சிவப்பையும் வீக்கத்தையும் ஸ்கேன் செய்தே ஆக வேண்டும். மார்பு முழுக்கச் சிவந்து வீங்கும் ஒருவகைப் புற்று சீழ்க்கட்டியைப் போலவே தோற்றம் காட்டும்.

கட்டியிலிருந்து சிகிச்சை வரை

1999இல், அதுவரை வெளியான 87 ஆய்வுகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரத்தைத் தொகுத்துப் பார்த்தார்கள். அறிகுறி தெரிந்து மூன்று மாதத்துக்கு மேல் கழித்துச் சிகிச்சைக்கு வந்தவர்களில், ஐந்தாண்டு பிழைத்திருப்போர் விகிதம் 12 விழுக்காடு குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி இதை மூன்று எண்களாக வைத்திருக்கிறது. நோயாளிகளில் குறைந்தது 60 விழுக்காட்டினர் முதல் இரண்டு ஸ்டேஜில் கண்டறியப்பட வேண்டும். முதன்முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் உறுதியாக வேண்டும். 80 விழுக்காட்டினர் சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். மேமோகிராம் இத்தனை என்ற இலக்கு இதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பணக்கார நாடுகளில் 1980களிலிருந்து 2020க்குள் இந்த நோயின் இறப்பு விகிதம் 40 விழுக்காடு இறங்கியது. அதில் படம் எடுத்ததன் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று ஏழு தனித்தனிக் குழுக்கள் அமெரிக்கத் தரவை வைத்துக் கணக்கிட்டு 2005இல் வெளியிட்டன. ஏழும் ஏழு விடை சொன்னாலும், இரண்டும் சேர்ந்துதான் அதைக் குறைத்தன என்பதில் எல்லாக் குழுவும் ஒத்துப்போயின. கண்டுபிடித்த பிறகு சிகிச்சை இல்லையென்றால் கண்டுபிடிப்பால் பயனில்லை.

கண்டுபிடிப்புக்கும் சிகிச்சைக்கும் இடைப்பட்ட வழியில் நம்மூரில் நேரும் தவறுகளில் மிகப் பெரியது, சிறு நகர மருத்துவமனையில் கட்டியைச் சோதிக்காமலே வெட்டி எடுத்துவிடுவது. “கட்டிய எடுத்தாச்சு, பயப்படாதீங்க” என்று அனுப்பிவிடுவார்கள். சில நேரம் எடுத்த சதையைப் பரிசோதனைக்கே அனுப்புவதில்லை. சில மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி வளரும்போதுதான் ஓடுகிறார்கள். முறை வேறு: கை பார்க்க வேண்டும், மேமோகிராமோ ஸ்கேனோ எடுக்க வேண்டும், தடித்த ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பயாப்சி பார்க்க வேண்டும். இந்த மூன்றும் முடிந்த பிறகே கத்தி. ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்ற பயம் படித்தவர் வீட்டிலும் இருக்கிறது. ஊசி போட்டதால் உயிர் போவதில்லை. ஊசிக்குப் பயந்து ஆறு மாதம் வீட்டில் இருந்தால் போகிறது.

எடுத்த சதையை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் இருக்க வேண்டும். இது தவறினால் புற்றணுக்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 ஏற்பிகள் உள்ளனவா என்று பார்த்து மருந்தைத் தீர்மானிக்கும் சோதனை பொய்யான விடை தரும், மருந்தே மாறிப்போகும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள புற்றுக்கு ஐந்தாண்டு டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டால், அடுத்த பதினைந்தாண்டில் இந்த நோயால் இறக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. விலை மலிவான பழைய மாத்திரை அது. சோதனை தவறினால் அது கிடைக்க வேண்டியவருக்குக் கிடைக்காது. புட்டியில் ஃபார்மலின் இருக்கிறதா என்பது எந்த விழிப்புணர்வு ஊர்வலத்திலும் பேசப்படாத விஷயம், பேச வேண்டியது.

‘கரண்ட் வைக்கிறது’ என்று நம் மக்கள் சொல்லும் கதிர்வீச்சுக்கு முன்பு ஐந்து வாரம், 25 அமர்வு. பிரிட்டனின் ஆய்வுகள் அதை மூன்று வாரம் 15 அமர்வாக்கின. 2020இல் வெளியான இன்னோர் ஆய்வு ஒரே வாரம், ஐந்து அமர்வு போதும் என்று காட்டியது. ராமநாதபுரத்துக் கூலித் தொழிலாளிக்கு ஐந்து வாரம் மதுரையிலோ சென்னையிலோ தங்குவதும் ஒரு வாரம் தங்குவதும் ஒன்றல்ல. முதல்வரின் காப்பீட்டு அட்டை மருத்துவச் செலவைத் தாங்கும். கூட வரும் மகளின் கூலி, சாப்பாடு, அறை வாடகை, வீட்டில் விட்டுவந்த ஆட்டுக்குட்டிகளுக்குத் தீனி ஆகியவற்றை அட்டை தாங்காது. பாதியில் சிகிச்சையை விட்டவர்களைக் கேட்டால் நோயைவிட இவற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். மார்பை முழுதாக எடுத்துவிடுவார்கள் என்ற அச்சமும் பலரைத் தள்ளிப்போடவைக்கிறது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் பிழைக்கும் வாய்ப்பு குறையாது என்று மிலானில் உம்பர்த்தோ வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் 1980களிலேயே நிறுவிவிட்டார்கள். சீக்கிரம் வருபவருக்குத்தான் அந்த வாய்ப்பு.

தடுக்க முடிந்ததும் முடியாததும்

நோய் வந்தவர்களில் பாதிப்பேருக்கு, பெண்ணாகப் பிறந்ததும் நாற்பதைத் தாண்டியதும் தவிர வேறு காரணம் எதையும் சுட்ட முடியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆண்களுக்கும் நூறில் ஒன்று என்ற அளவில் வருகிறது. ஆகவே ‘என்ன சாப்பிட்டாய், ஏன் வந்தது?’ என்று நோயாளியைக் கேட்பதை முதலில் நிறுத்த வேண்டும்.

சீக்கிரம் பூப்படைவதும் தாமதமாக மாதவிடாய் நிற்பதும், முப்பதுக்குப் பிறகு முதல் குழந்தை பெறுவதும், குழந்தையே இல்லாததும் ஆபத்தைச் சற்றுக் கூட்டும். தாய்ப்பால் குறைக்கும்: 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்த 2002ஆம் ஆண்டு ஆய்வின்படி, பால் கொடுக்கும் ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் ஆபத்து 4.3 விழுக்காடு குறைகிறது. இதைத் தாய்ப்பாலுக்கு ஆதரவாகச் சொல்லலாம். வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பால் கொடுக்க நேரமும் இடமும் தரச் சொல்லி நிர்வாகங்களை வற்புறுத்தலாம். படித்ததற்கும் தாமதமாக மணம் செய்ததற்கும் தண்டனை இந்த நோய் என்று மேடையில் பேசுவது கொடுமை. அப்படிப் பேசும் குரல்கள் இருக்கின்றன என்பதால் சொல்கிறேன்.

மாற்ற முடிந்தவற்றில் நமக்கு மிக முக்கியமானது உடல் எடை. மாதவிடாய் நின்ற பிறகு உடம்பின் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் இடமாகிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை கொண்டவர்கள் என்று அதே குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாட்டின் சராசரி 24. வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை போதும், ஆனால் இருட்டிய பிறகு ஒரு பெண் பயமில்லாமல் நடக்க நம் ஊர்களில் தெரு இருக்கிறதா என்பதும் அதோடு சேர்ந்த கேள்விதான். மது சிறிதளவும் ஆபத்தைக் கூட்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வு ஒன்று 16,608 பெண்களோடு நடந்து, மார்பகப் புற்று கூடியதால் 2002இல் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. பிரா அணிவதாலும் வாசனைத் திரவியத்தாலும் வருகிறது என்பதற்குச் சான்று இல்லை.

பரம்பரையாக வருவது நூறில் ஐந்து முதல் பத்து வரைதான். மேரி கிளேர் கிங் 1990இல் இடம்காட்டிய பிஆர்சிஏ-1 மரபணுவில் கேடு இருந்தால் எண்பது வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு 72 விழுக்காடு. தாய்வழியில் மட்டுமல்ல, அப்பாவின் வழியிலும் இது வரும். அத்தைக்கோ சித்திக்கோ ஐம்பதுக்கு முன் மார்பகப் புற்று, அல்லது யாருக்காவது சினைப்பைப் புற்று என்றால் மரபணு ஆலோசனை கேட்க வேண்டும். அப்படிப்பட்ட பெண்களுக்கு ஆண்டுதோறும் எம்ஆர்ஐ உண்டு; தடுப்பு அறுவை உண்டு. ஆபத்து கூடியவர்கள் டமாக்சிஃபென் சாப்பிட்டால் நோய் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 13,388 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 1998இல் காட்டியது. பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும் என்று குடும்பத்தில் நோயை மறைக்கும் வழக்கம்தான் இங்கே பெரிய தடை. சித்தி எதனால் இறந்தாள் என்று தெரியாத பெண்ணுக்கு எந்த மரபணு ஆலோசனையும் கிடைக்காது.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வேண்டிய உறுப்புகள் ஏறக்குறைய எல்லாம் இருக்கின்றன: கிராம சுகாதார செவிலியர், மகளிர் தன்னார்வலர், மாவட்டத்துக்கொரு மருத்துவக் கல்லூரி என்ற அளவுக்கு வந்துவிட்ட கட்டமைப்பு, காப்பீடு, நாற்பதாண்டு வயதான பதிவேடு. பரிசோதனை செய்தவர்கள் இத்தனை லட்சம் என்று அரசு வெளியிடும் எண்ணிக்கையோடு, கட்டி உறுதியான ஒவ்வொரு பெண்ணுக்கும் நான்கு தேதிகளை ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஏட்டில் எழுத வேண்டும்: முதலில் காட்டிய நாள், பயாப்சி முடிவு கைக்கு வந்த நாள், சிகிச்சை தொடங்கிய நாள், முடித்த நாள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 60 நாளைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், நான்காவது தேதி காலியாகவே கிடப்பவர்கள் எத்தனை பேர் என்று மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். காலியாக இருக்கும் இடத்துக்கு உரியவர் வீட்டுக்கு, அந்த மாதமே தன்னார்வலர் போக வேண்டும்.